ஊதாத மாப்பிள்ளை

"ஆரோக்கியம்! காபி வருமா, இல்ல நான் டீக்கடைக்கே போயிடட்டுமா?"

போங்களேன், உங்களை யார் பிடித்து வைத்தது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆரோக்கியம் அதை விழுங்கிக்கொண்டு டம்ளரைக் கழுவினாள். அவளுக்கு இருப்பதோ இரண்டு கை. இந்த வீட்டில் அது யாருக்குத் தெரிகிறது!

கூடத்தில் உட்கார்ந்து கத்துகிறவர் வேதநாயகம், அவள் புருஷனுக்கு அண்ணன். மனைவி இறந்துபோனதிலிருந்து அவருக்கு இவள் கைச் சாப்பாடுதான். கட்சியில் கிளைச் செயலாளர். குளிக்கப் போனாலும் கரை போட்ட துண்டு தோளை விட்டு இறங்காது. வாசலில் நின்று வானத்தைத் திட்டுகிறவர் புருஷன் குழந்தைராஜ். குறுவையை அறுத்துக் களத்தில் கொட்டிய அன்றைக்குப் பிடித்த மழை நேற்றுத்தான் விட்டது. படுதாவுக்குக் கீழே நெல் புழுங்கி நாறியது. ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் கையை விரித்துவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் கிடந்தால் அத்தனையும் முளைத்துவிடும்.

இந்த அமர்க்களத்தில்தான் மாப்பிள்ளைப் பையன் வருகிறான். அதுவும் எப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை... பறவைநாகம்!

டிராகன் என்று காலேஜ் பிள்ளைகள் சொல்லும். கொள்ளிடக் கரையில் அவர்கள் ஏழெட்டுக் குடும்பம் இருந்தது. ரேஷன் கார்டு உண்டு, ஓட்டு உண்டு, பார்க்க நம்மைப் போலத்தான். சட்டைக்குள்ளே மட்டும் மடித்த இறக்கை. மூச்சை இழுத்துப் பிடித்தால் நெஞ்சில் நெருப்பு; மூட்டிவிட்டால் வெளியே ஊதித்தான் தீர வேண்டும். மழையில் குறுவை நனைந்தால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அவர்களைத்தான் கூப்பிடும். கருகாமல், பதமாக ஊதிக் காயவைத்துக் கொடுப்பார்கள். கூலி கொடுக்க எல்லாரும் தயார். பெண் கொடுக்க யார் தயார்? ஆரோக்கியத்தின் ஒரே மகள் விண்ணரசியோ, கும்பகோணம் பஸ்ஸில் பழக்கமான வைரக்கண்ணுவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவளுக்காக ஒரு மாதமாகப் பேசிப் பேசி, புருஷனிடமும் மூத்தாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவள் ஆரோக்கியம்தான்.

கூடத்து மாடத்தில் வானதூதர் மிக்கேல் சம்மனசின் வெண்கலச் சுரூபம் இருந்தது. காலடியில் ஒரு பறவைநாகம், அதன் கழுத்தில் ஈட்டி. வருகிற பிள்ளை இதைப் பார்த்தால் என்ன நினைக்கும்? ஆரோக்கியம் கரித்துணியை எடுத்து நாகத்தின் மேல் மட்டும் போர்த்தினாள்.

"என்ன கூத்து இது? சம்மனசுக்கு வேட்டியா கட்டி விடுறே?"

"வர்ற புள்ள மனசு நோகக் கூடாதுல்ல, அத்தான்..."

"நோகட்டுமே! அவனுக்காக நாம சாமிய மாத்தணுமா? நீ குடுக்கற இடந்தான் இந்த வீட்டுல எல்லாத்துக்கும் காரணம்!" வேதநாயகம் துணியை உருவி எறிந்தார். அது அவள் காலடியில் வந்து விழுந்தது.

வைரக்கண்ணு சொன்ன நேரத்துக்கு வந்தான். நெட்டையான பையன், நிலைப்படியில் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. நேரே அவன் கண் மாடத்துக்குத்தான் போனது. ஆரோக்கியத்துக்கு உயிரே போய்விட்டது.

"சுவாமிமலை வேலைங்களா? ரொம்ப நல்லா இருக்கு" என்றான். "கீழே கெடக்கறவரு மூக்கு மட்டும் எங்க சித்தப்பா மாதிரியே இருக்கு."

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் விண்ணரசி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவன் காதுமடல் செக்கச் சிவந்துவிட்டது. பாவிப் பிள்ளைகள், இப்படி ஒருத்தருக்கொருத்தர் உருகினால் யார்தான் பிரிக்க முடியும் என்று ஆரோக்கியம் நினைத்தாள்.

குழந்தைராஜ் சுற்றி வளைக்கவில்லை. "இந்தாப்பா. களத்து நெல்ல இன்னிக்குள்ள காய வச்சுக் குடு. குடுத்தியானா ஞாயித்துக்கெழம பூசையில கல்யாண ஓலை வாசிக்கச் சொல்றேன். இல்லன்னா திருச்சி வரனுக்குச் சரின்னு சொல்லிடுவேன். என்ன சொல்றே?"

"இவ்வளவுதானா, மாமா!" என்று அவன் சட்டைக் கையை மடித்தான்.

எல்லாரும் களத்துக்குப் போனார்கள். களத்தை ஒட்டி வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தண்டை, ஆரோக்கியத்துக்கு அவள் அப்பா சீராகக் கொடுத்த நிலம். அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டுதான் எரிவாயுக் குழாய் போகிறது. குழாய் வேண்டாமென்று ஊரே மறியலில் உட்கார்ந்தபோது முன் வரிசையில் இருந்தவர் வேதநாயகம். பிறகு யார் என்ன பேசினார்களோ, குழாய்க்கு நிலம் விடும் பத்திரத்தை அவரே கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை.

குழந்தைராஜ் படுதாவை விலக்கினார். புழுங்கல் நாற்றம் குப்பென்று அடித்தது. வைரக்கண்ணு கால்களை அகட்டி நின்று மூச்சை இழுத்தான். சட்டைக்குள்ளே நெஞ்சு அடுப்புத் தணல் போலச் சிவந்தது. நெல்லை நோக்கிக் குனிந்தான்.

குனிந்தவன் அப்படியே நின்றான். மூக்கு விடைத்தது. மறுகணம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் தாவினான்.

"என்னப்பா?" என்றார் குழந்தைராஜ்.

அவன் தலையை ஆட்டினான். மாட்டேன் என்று ஆட்டினான்!

"ஊதுங்க!" என்று விண்ணரசி ஓடி வந்தாள். "எல்லாரும் பாக்கறாங்க... எனக்காக ஊதுங்களேன்!"

அவன் மறுபடியும் தலையை ஆட்டினான். கண்ணில் நீர் முட்டியது. ஒரு கையால் வாயை அமுக்கிக்கொண்டு, மறு கையால் வாய்க்காலைக் காட்டினான்.

"பாத்தியாடா தம்பி!" வேதநாயகம் குதித்தார். "நம்மள வாய்க்கால்ல போய் விழச் சொல்றான்! பொண்ணு கேக்க வந்த எடத்துல என்னா திமிரு! எல்லாம் இவளால... இந்த ஆரோக்கியத்தால! நல்ல புள்ள, நல்ல புள்ளன்னு தலையில தூக்கி வச்சு ஆடினாளே!"

"ஏண்டி, உன் பேச்சைக் கேட்டு என் மானம் போச்சேடி!" என்றார் குழந்தைராஜ்.

விண்ணரசி முகத்தை மூடிக்கொண்டு களத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்னைப் பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாமே... இப்படியா அவமானப்படுத்தணும்..." என்று விம்மினாள்.

ஆரோக்கியம் அழவில்லை. அந்தப் பையனின் முகத்தையே பார்த்தாள். இறுகிய தாடை, புடைத்த கழுத்து நரம்பு, விழுங்க முடியாததை விழுங்கிக்கொண்டு நிற்கிற தவிப்பு. இந்த முகத்தை அவளுக்குத் தெரியும். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்த அன்றைக்கு, பீரோக் கண்ணாடியில் இதையேதான் பார்த்தாள்.

வேதநாயகம் ஆத்திரத்தில் மடியிலிருந்து பீடியை எடுத்து வாயில் வைத்தார். தீப்பெட்டியைத் திறந்தார். அதைப் பார்த்ததும் வைரக்கண்ணுவின் கண்கள் பிதுங்கின. இறக்கைகள் சட்டையைக் கிழித்துக்கொண்டு விரிந்தன. விண்ணரசியை அவற்றுக்குள் மறைத்துக்கொண்டு நின்றான்.

ஆரோக்கியத்துக்குப் பொறி தட்டியது. ஒரே பாய்ச்சல்! மூத்தார் வாயிலிருந்த பீடியையும் கையிலிருந்த தீப்பெட்டியையும் பிடுங்கிச் சேற்றில் போட்டு மிதித்தாள்.

"ஏய்!" என்றார் வேதநாயகம்.

"வாய்க்காலப் பாருங்க அத்தான்! கையத்தான பாத்தீங்க, கை காட்டுற எடத்தப் பாத்தீங்களா?"

எல்லாரும் பார்த்தார்கள். வாய்க்கால் தண்ணீரில் உலை கொதிப்பது போலக் குமிழி வந்துகொண்டிருந்தது. மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கியது. நெல் நாற்றத்தில் இத்தனை நேரம் யாருக்கும் தெரியாத அந்த வாடை இப்போது தெரிந்தது.

"குழாய் உடைஞ்சிருக்கு" என்றார் குழந்தைராஜ். முகம் வெளுத்துவிட்டது.

"ஆமா, உடைஞ்சிருக்கு! அந்தப் புள்ள ஒரு மூச்சு விட்டிருந்தா நாம யாரும் இங்க நிக்க மாட்டோம். உள்ள இழுத்த நெருப்பத் திருப்பி அணைக்க முடியாது, வாயத் தொறந்தா வந்துடும். அதான் மூடிக்கிட்டு நிக்குது. அதப்போய்த் திமிருங்கறீங்க!" அவள் குரல் உடைந்தது. "நானும் இந்த வீட்டுல அப்படித்தான அத்தான் இருந்தேன்? எங்கப்பா குடுத்த நெலம்... குழாய் வேணாம்னு ஊரைக் கூட்டினவரே நீங்க. நீங்களே பத்திரத்த நீட்டினப்போ, வாயத் தொறந்தா அண்ணன் தம்பி ரெண்டாயிடுவீங்கன்னு மூடிக்கிட்டுப் போட்டேன். என்னையும் ஒருத்தரும் ஏன்னு கேக்கல!"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுவதற்கு இது நேரமில்லை. "விண்ணரசி, ஓடிப்போய் அடுப்ப அணை! என்னங்க, தூரமாப் போய்க் கம்பெனிக்குப் போன் பண்ணுங்க, பக்கத்து வீட்டையெல்லாம் கெளப்புங்க! தம்பி, நீ ஆத்துக்குப் போ. மணல்ல போய் விட்டுடு... போய்யா!"

அவன் கைகூப்பினான். வாயைத் திறக்காமலே எழும்பிப் பறந்தான். கொஞ்ச நேரத்தில் கொள்ளிடத்துப் பக்கம் வானத்தில் ஒரு நெருப்புத் தூண் எழுந்து நின்றது. ஊரே வாசலில் வந்து பார்த்தது.

கம்பெனி ஆட்கள் வந்து குழாயை அடைக்கும் வரைக்கும் ஆரோக்கியம் காத்திருக்கவில்லை. மகளை அழைத்துக்கொண்டு கரையோடு நடந்தாள். மணலில் மல்லாந்து கிடந்தான் வைரக்கண்ணு. உதடெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. விண்ணரசி ஓடிப்போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "உங்களப் போய் என்னெல்லாம் சொல்லிட்டேன்..."

அவன் மெதுவாகக் கண் திறந்தான். "அத்தை" என்றான், ஆரோக்கியத்தைப் பார்த்து. "ரொம்பப் பசிக்குது."

பெற்றவள் மாதிரி அவனை வாரி அணைத்துக்கொண்டாள் ஆரோக்கியம்.

மூன்று பேரும் வீட்டுக்கு வந்தபோது குழந்தைராஜ் வாசலிலேயே நின்றார். களத்து நெல்லில் பாதி முளைவிட்டிருந்தது. அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. "மன்னிச்சுக்க ஆரோக்கியம்... அந்தக் கையெழுத்தப் பத்தி நான் அன்னிக்கே உன்னைக் கேட்டிருக்கணும். கேக்காமப் போயிட்டேன்" என்றார். எத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறார் இந்த மனுஷன் என்று எரிச்சலாகத்தான் வந்தது. ஆனாலும் கண் நிறைந்துவிட்டது.

கூடத்தில் வேதநாயகம் மாடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தோளிலிருந்த கரைத் துண்டை எடுத்தார், உதறினார், சம்மனசின் காலடியில் கிடந்த நாகத்தின் மேல் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்தினார்.

"உங்க சித்தப்பா... பாவம்ப்பா" என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "உள்ள வா. ஆரோக்கியம், நீ உக்காரும்மா. காபி நான் போடறேன்."

துண்டு இல்லாத அவர் தோளை ஆரோக்கியம் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.