எட்டரை மணி மழை

மழை பெய்யாத நாற்பத்தோராவது நாள், மழைமானியில் ஐந்து மில்லிமீட்டர் தண்ணீர் இருந்தது.

ஜோதிலட்சுமி அளவுக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கோட்டைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் அசையாமல் நின்றது. தலைக்கு மேலே வானம் வெளுத்துக் கிடந்தது. பங்குனிகூடப் பிறக்கவில்லை, அதற்குள் காலை வெயில் கழுத்தைச் சுட்டது. குற்றாலம் போகும் சாலையை ஒட்டிய அலுவலகத்தின் பின்புறம், கம்பிவேலிக்குள், தினமும் எட்டரை மணிக்கு மழையை அளந்து பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. மலையில் எங்கேயோ காடு எரியும் வாடை வந்தது. அருவிப் பாறையில் ஈரம் காய்ந்து ஒரு மாதமாகிவிட்டது. குரங்குகள் தெருக்குழாயடியில் காத்துக் கிடந்தன.

"ஏம்மா ஜோதி!" குத்தாலிங்கம் அண்ணாச்சி ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். அலுவலக உதவியாளர். "வானத்துல ஒரு பொட்டு மேகத்தக் காணும். ஏழு மாசத்து வயித்தத் தூக்கிக்கிட்டு அங்கன போயி என்னத்தப் பாக்குத? சைபர்னு போட்டுட்டு வா."

"வாரேன் அண்ணாச்சி."

சொன்னால் சிரிப்பார்கள். நாலு பேர் முன்னால் பேசினாலே அவளுக்குக் காது சிவந்துவிடும். தண்ணீரை வேப்பமரத்தடியில் ஊற்றினாள். வெடித்துக் கிடந்த மண், உதடு குவித்து உறிஞ்சுவதுபோல ஒரு சத்தத்தோடு அதைக் குடித்தது. பதிவேட்டில் 0.0 என்று எழுதினாள்.

மறுநாள் நான்கு. அதற்கு மறுநாள் ஆறு.

மழைமானியின் பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. குரங்கு வேலை இல்லை. பக்கத்தில் குழாய் இல்லை. பனி என்றால் இத்தனை தேறாது. இயற்பியல் படித்தவள், காரணங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் மிச்சமாக எதுவும் நிற்கவில்லை. நேரமே வந்து, வெயில் ஏறும் முன்பு திறந்து பார்த்தாலும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. உடம்புச் சூடு. மழைத் தண்ணீரின் வாசனை இல்லை. லேசாக ஒரு தித்திப்பு, அதன் அடியில் உப்பு. மாவுபோல வெள்ளைத் துகள்கள் இரண்டு மூன்று மிதந்தன. அவள் ஊற்றினாள்.

நான்காம் நாள் ஐந்து மில்லிமீட்டர். அன்று அவள் ஊற்றுவதற்கு முன்பே மண்ணில் அந்தச் சத்தம் கேட்டது.

மதியம் அவள் கணவன் முத்துராஜ் தன் ஆட்டோவிலேயே அவளைத் தென்காசிக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனான். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நெற்றி சுருங்கியது.

"பனிக்குடத்துல தண்ணி கம்மியா இருக்கே. போன தடவை பதினாலு சென்டிமீட்டர், இப்ப ஏழுதான். கசிவு ஏதும் உண்டாம்மா?"

"இல்ல டாக்டர்."

"பெறவு எங்க போச்சு?" அவர் பேப்பரைக் கிழித்துக் கொடுத்தார். "வெயில் ஓவர்லா. நல்லா தண்ணி குடி. இதுக்கு மேல கொறஞ்சா பிள்ளைக்கு ஆபத்து. நாளைக்கு மத்தியானம் திரும்ப வா, பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

திரும்பும்போது முத்துராஜ் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "ஏட்டி, மூஞ்சத் தூக்கி வச்சிருக்காத. பாட்டில் பாட்டிலா குடி. ஒம்புள்ள குத்தாலத்துக்காரன்லா? குளிக்கத் தண்ணி இல்லன்னா உள்ளயே சண்ட போடுவான்."

அவள் சிரிக்கவில்லை. ஐந்து, நான்கு, ஆறு, ஐந்து. இருபது மில்லிமீட்டர். அந்த மழைமானியில் ஒரு மில்லிமீட்டர் என்றால் இருபது மில்லிலிட்டர் தண்ணீர். நானூறு. ஏழாம் மாதத்தில் பனிக்குடத்துக்குள் இருக்க வேண்டிய தண்ணீரில் ஏறக்குறைய பாதி. கைகளைப் பார்த்தாள். போன வாரம் வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள் சிவப்பும் பச்சையுமாகக் குலுங்கின.

அந்தக் கைதான் ஊற்றியது.

அலுவலகத்தின் முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். பின்னால் போய் மழைமானியைத் திறந்து, தண்ணீர் சேரும் புட்டியைத் துடைத்து உள்ளே வைத்தாள். அதன் மேல் பொருந்தும் புனலின் வாயைப் பாலித்தீன் பையால் மூடி, சணலால் மூன்று சுற்று இறுக்கிக் கட்டினாள்.

"அங்கன என்னட்டி பண்ணுத?" முத்துராஜ் சாலையிலிருந்து கத்தினான்.

"காக்கா எச்சம் போடுது."

மறுநாள் எட்டரை மணி.

காற்றே இல்லை. வேப்பிலைகள் தொங்கின. சணல் முடிச்சு அவள் போட்ட முடிச்சாகவே இருந்தது. பை காய்ந்து மொரமொரத்தது. பூட்டைத் திறந்து புனலைத் தூக்கினாள்.

புட்டி கழுத்துவரை நிறைந்திருந்தது.

மங்கலான பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர் பால் கலந்ததுபோல் இருந்தது. ஊற்றக்கூடாது. எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும். என்னவென்று சொல்வாள்? சொல்லிக்கொள்ளலாம். இரண்டு கைகளாலும் புட்டியை அள்ளினாள். சுட்டது. கனத்தது. தண்ணீரின் கனம் இல்லை, அதற்கு மேல்.

வயிற்றில் பிள்ளை ஒருமுறை உதைத்தது. விலாவுக்குக் கீழே, வழக்கமான இடத்தில்.

பிறகு நின்றது.

அவள் காத்திருந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு காக்கை கரைந்து ஓய்ந்தது. வயிறு லேசாகிக்கொண்டே வந்தது. சேலைக் கொசுவம் நழுவி இறங்கியது.

காலடியில் அந்தச் சத்தம். வேப்பமரத்தடியில் மட்டும் இல்லை. வேலிக்குள் முழுவதும். அவள் செருப்பைச் சுற்றி மண்ணின் வெடிப்புகள் மெல்ல விரிந்தன, குவிந்தன, விரிந்தன.

"என்னம்மா ஜோதி," ஜன்னலில் அண்ணாச்சியின் குரல். "இன்னைக்கும் சைபர்தானே? எழுதிரட்டா?"

அவள் புட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். வளையல்கள் குலுங்கின. புட்டியின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. தரையைத் தொடும் முன் காணாமல் போயிற்று.

கீழே வைக்க முடியாது. ஓர் அடி எடுத்து வைக்க முடியாது.

அவள் உள்ளங்கையில், பிளாஸ்டிக்கின் உட்புறத்திலிருந்து, சின்னக் குதிகால் ஒன்று உதைத்தது.