மூன்றாம் கொட்டகை நிலவேம்பு

கல்யாணப் பந்தியில் அப்பளம் போடுவது நின்று இரண்டு வருடமாகிறது. முறுக்குக் கடைகள் ஜூஸ் கடைகளாகிவிட்டன. கருங்காய்ச்சலில் பிழைத்தவர்களின் காதருகே யாராவது வறுகடலையைக் கடித்தால் போதும், வியர்த்து விறுவிறுத்து ஓடத் தொடங்கிவிடுவார்கள்.

காரணம் பூரணவல்லிக்குத் தெரியும். அதைச் செய்துவைத்த விஞ்ஞானியே அவள்தான்.

செடியில் கசப்பு ஊறுவது நம் காய்ச்சலுக்காக அல்ல, புழுவுக்குப் பயந்து. ஆகவே நிலவேம்புக் கொட்டகைகளில் அவள் 'மிரட்டி'களைப் பொருத்தினாள். புழு இலையை அரிக்கும் சத்தத்தை ஓயாமல் எழுப்பும் சின்னக் கருவி அது. மிரண்ட செடியில் கசப்பு ஒன்பது மடங்கு ஏறியது. எதற்கும் அடங்காத காய்ச்சல் அந்தக் கஷாயத்துக்கு அடங்கியது. கசப்போடு செடியின் பயமும் குடிப்பவர் உடம்பில் இறங்கும் என்று யார் கண்டது? ஊரே பிழைத்தது, ஊரே பல்லுக்குப் பயந்தது.

அவள் கணவன் ஆவுடையப்பனுக்கு அது முற்றிவிட்டது. தன் பல்லோடு பல் உரசுவதே ஆகவில்லை. ஐந்து நாளாக வாய் திறக்கவில்லை, மூக்கில் செருகிய குழாயையும் பிடுங்கிப் போட்டுவிட்டார்.

ஒரே ஒரு வழி இருந்தது. அமைதியில் வளர்ந்த செடியின் கஷாயம் பழைய பயத்தை அழிப்பதை எலிகளிடம் பார்த்திருந்தாள். அதற்காக மூன்றாம் கொட்டகையில் மிரட்டிகளை நிறுத்தி ஒரு மாதமாகிறது. தினமும் காலையில் அவளே போய் நாலு இலை கிள்ளிச் சோதித்தாள்.

கடைசி நாள் உதவியாளர் ஜெபசிங் கசப்புமானியைக் காட்டினார். "மேடம், மிரட்டியே ஓடல. ஆனா கசப்பு பழையபடி ஏறிக் கிடக்கு. எதப் பாத்து பயந்திருக்கும்?"

"தெரியல ஜெபசிங். அவரு நாளைக்குத் தாங்குவாரான்னும் தெரியல."

அன்றே காய்ச்சினார்கள். மருந்து கொடுப்பவர் முதல் மடக்கைத் தானே குடிக்க வேண்டும் என்பது அந்த ஆய்வுக்கூடத்தின் கட்டாய வழக்கம். அதனாலேயே அவளும் இரண்டு வருடமாகக் கஞ்சிதான். வீட்டில் கணவனின் கட்டிலில் உட்கார்ந்து குடித்தாள். கால் மணி கழித்து, ஒரு முறுக்குத் துண்டை வாயில் போட்டுக் கடித்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவருக்கும் புகட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவர் முறுக்கை வாங்கி, குழந்தை மாதிரி முன்பல்லால் கொறித்தார். "இன்னொன்னு தா பூரணம்" என்றார்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜெபசிங்குக்குப் போன் போட்டாள். "ஆஸ்பத்திரி வாசல்ல காத்துக்கிட்டு இருக்கவங்களுக்கு ஊத்துங்க. எல்லாக் கொட்டகையிலயும் மிரட்டிய நிறுத்திருங்க."

ஒரு மணி நேரம் கட்டிலை விட்டு இறங்காமல் அவர் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவருக்குத் தண்ணீர் எடுக்க எழுந்து ஓர் எட்டு வைத்தாள்.

ஆவுடையப்பன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "யாரோ வாராவ பூரணம்."

"நான்தாங்க" என்று திரும்பினாள். செருப்பு தரையில் பட்டது. அந்தச் சத்தத்தில் அவள் முதுகு சில்லிட்டது. யாரோ தன்னைக் கிள்ள வருகிறார்கள். யாரும் இல்லை என்று தெரிந்தும் கால் மரத்துப்போனது.

அப்போதுதான் விளங்கியது. கொட்டகையில் புழுச்சத்தம் ஓய்ந்ததும் செடிகளுக்கு வேறொரு சத்தம் கேட்டிருக்கிறது. தினமும் காலையில் நெருங்கி வந்த அவள் காலடிச் சத்தம். அது வந்த ஒவ்வொரு முறையும் இலை போயிருக்கிறது.

கையில் போன் அடித்தது.

"மேடம், முந்நூறு பேருக்கு ஊத்திட்டோம். எல்லாரும் நல்லாத்தான் கடலை தின்னாங்க. வீட்டுக்குன்னு எந்திரிச்சு நடந்ததும் ஓட ஆரம்பிச்சிட்டாங்க." ஜெபசிங்குக்கு மூச்சு வாங்கியது. "ஓட ஓட இன்னும் மிரளுறாங்க மேடம். நிக்கவே மாட்டேங்கிறாங்க. நீங்க உடனே வாங்க."

வாசல் கதவு பன்னிரண்டு எட்டு தூரத்தில் இருந்தது. பூரணவல்லி நின்ற இடத்திலேயே நின்றாள்.