நாற்பது நொடி மகன்

அன்று காலை புத்தகத் திருவிழாவில் அம்சவேணியின் நாவலை இரண்டு பேர் பாராட்டினார்கள். இருவரும் பாராட்டியது இரண்டு வெவ்வேறு நாவல்களை.

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். "வயிறு வலிக்கச் சிரிச்சனுங்க மேடம். அந்த ரயில்வே கேன்டீன் மாஸ்டர் பண்ற அலப்பறை இருக்கே!" என்றார். நாவலில் கேன்டீன் மாஸ்டர் யாரும் இல்லை. அடுத்து வந்த கல்லூரிப் பெண், கொலையைச் செய்தது தங்கச்சியா இல்லையா என்பதை மட்டும் சொல்லிவிடும்படி கெஞ்சினாள். கொலையும் இல்லை, தங்கச்சியும் இல்லை.

அம்சவேணி கோவையில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். 'நடைமேடை மாறும்' அவளுடைய முதல் நாவல். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற ஒரு பெண்ணின் வேலையை இயந்திரக் குரல் எடுத்துக்கொள்கிறது; அதன் பிறகும் அவள் தினமும் நிலையத்துக்கு வந்துபோகிறாள். கதை அவ்வளவுதான். மெதுவாக நகரும் கதை. இப்படி ஒரு புத்தகம் இத்தனை பிரதிகள் போகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"நீங்க எந்த அத்தியாயம் வரைக்கும் படிச்சீங்க?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"இன்னும் பிரிக்கலைங்க மேடம். பந்தல்ல முன்னோட்டம் பாத்தேன். அதான் வாங்கினேன்."

பந்தல் என்பது ஊரே கூடிக் கிடக்கும் சமூக ஊடகம். முன்பெல்லாம் பதிப்பகத்தார் ஒரு புத்தகத்துக்கு ஒரு முன்னோட்டக் காணொலி எடுத்து அதில் போடுவார்கள். பின்னணியில் புல்லாங்குழல் ஒலிக்க, அட்டைப்படம் மெல்லப் பெரிதாகும். யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். அகத்திரை என்ற மென்பொருள் வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. இப்போது பதிப்பகம் புத்தகத்தை மட்டும் அகத்திரைக்குக் கொடுத்தால் போதும். பந்தலில் ஒருவருடைய விரல் அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு கணம் நின்றால், அவருக்கென்றே ஒரு நாற்பது நொடிப் படத்தை அகத்திரை அங்கேயே செய்துவிடும். அவர் சேர்த்து வைத்திருக்கும் புகைப்படங்கள், அவர் பேசிய பேச்சு, எதைப் பார்த்து எவ்வளவு நேரம் நின்றார் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். ஓடி முடிந்ததும் படம் அழிந்துவிடும். அப்படித்தான் சட்டம். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்க்க முடியாது. பார்த்தவரே மறுபடி பார்க்கவும் முடியாது.

"ஆளாளுக்கு வேற கதை சொல்றாங்க சார்," என்று அம்சவேணி பதிப்பாளர் ஜெயசீலனிடம் முறையிட்டாள். "என் கதையை ஒருத்தர்கூடச் சொல்லல."

ஜெயசீலன் புத்தகக் கட்டைப் பிரித்துக்கொண்டே பதில் சொன்னார். "போகுதில்லைங்களா மேடம்? வீட்டுக்குப் போய்ப் பிரிப்பாங்க. பிரிச்சா உங்க கதைதானே இருக்கும்?"

அப்போதுதான் தங்கமணி வந்தார். அறுபதைத் தாண்டிய அம்மாள். கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு வந்து, அம்சவேணியின் முழங்கையைப் பிடித்தார்.

"ஏனுங் அம்மிணி, அது எந்த ஊரு ஸ்டேசனுங்க?"

"எதும்மா?"

"எம்பையன் நிக்கறானே, கையில டீயோட. அந்த ஸ்டேசன். மஞ்சப் பலகையில பாதி எழுத்துத்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க."

நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. தங்கமணிக்கு ஒரே மகன், நவநீதன். பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டுப் போனவன் திரும்பவில்லை. அவர் தேடாத இடமில்லை. உடுமலைப்பேட்டையில் இருந்த வீடும் சாலை அகலமாக்கியதில் போய்விட, பொள்ளாச்சியில் தங்கை வீட்டோடு வந்துவிட்டார். தங்கை மகள் வாங்கிக் கொடுத்த கைத்திரையில் ஒருநாள் பந்தலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அம்சவேணியின் புத்தகத்தில் விரல் நின்றிருக்கிறது. படத்தில் நவநீதன் நின்றிருக்கிறான்.

"இப்ப இருக்கற வயசுக்கு இருந்தானுங்க. காதோரம் லேசா நரை. அதே கண்ணு. என்னையப் பாத்து, 'வண்டி வந்துருச்சும்மா'ன்னான். நீங்க அவனப் பாக்காம எப்படி எழுதியிருப்பீங்க?"

நாவலில் ஒரே ஒரு பக்கத்தில், நடைமேடையில் மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாய் வருகிறாள். அந்த மகனுக்கு அம்சவேணி பெயர்கூட வைக்கவில்லை. "அது நானா கற்பனை பண்ணினதும்மா. நிஜ ஆள் இல்லை," என்றாள்.

தங்கமணி அவளை நம்பவில்லை. "நான் போயி அவனத் தொந்தரவு பண்ண மாட்டனுங்க. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லிருங்க," என்றார். அதைக் கேட்டபோது அம்சவேணிக்கே ஒரு தடுமாற்றம் வந்தது. அந்தப் பக்கத்தை எழுதியபோது தன் மனத்தில் எந்த முகம் இருந்தது? எங்கேயாவது பார்த்த முகமா? யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு, தங்கமணியை அழைத்துக்கொண்டு சரவணம்பட்டியில் இருந்த அகத்திரை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஷர்மிளா பானு என்ற பொறியாளர் பொறுமையாகக் கேட்டாள். அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க வழியே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"அகத்திரை பொய் காட்டாதுங்கம்மா. புத்தகத்தைப் படிச்சா உங்க மனசுல என்ன ஓடுமோ, அதைக் கணிச்சு முன்னாடியே ஓட்டிக் காட்டும். அவ்வளவுதான். உங்க மகனை அங்க நிறுத்தினது நாங்க இல்லை, நீங்கதான்."

"நானா?"

"ஆமாங்கம்மா. நீங்க புத்தகத்தைப் படிச்சிருந்தாலும் அந்த இடத்துல அவரைத்தான் பாத்திருப்பீங்க."

தங்கமணி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அவன் பெரிய ஆளானா எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாதுங்களே. தெரியாத மூஞ்சிய நான் எப்படிக் கண்ணு நெனச்சிருப்பேன்?" என்று கேட்டார்.

பழைய புகைப்படங்களில் இருந்து வயதைக் கூட்டிக் கணக்குப் போட்டிருக்கும் என்று பானு அம்சவேணியிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னாள்.

"நீங்க உங்க புத்தகத்தோட முன்னோட்டம் பாத்தீங்களா மேடம்?"

அம்சவேணி பார்த்ததில்லை. தான் எழுதியதற்கு எதற்கு முன்னோட்டம் என்று விட்டுவிட்டாள். பானு நீட்டிய கைத்திரையில் தன் கணக்கைத் திறந்து, அட்டைப்படத்தில் விரலை வைத்தாள். ஒரு பெரிய அரங்கம். மேடையில் அவள் நின்று படிக்கிறாள். எதிரே வரிசை வரிசையாக ஆட்கள். ஒவ்வொருவர் மடியிலும் அவளுடைய புத்தகம் திறந்திருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். அந்த ஓசைகூடக் கேட்டது. பிறகு திரை வெளுத்துவிட்டது.

அவளுக்கு முகம் சுட்டது. பானுவிடம் கைத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

திரும்பும் வழியில் ஒரு உணவகத்தில் உட்கார்ந்து, தங்கமணிக்கு அந்த ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். முடித்ததும், "நல்லாருக்குதுங்க அம்மிணி. ஆனா இது வேற புஸ்தகம். நான் பாத்தது இது இல்ல," என்றார்.

அதற்குப் பிறகு ஜெயசீலனின் பந்தல் பக்கத்துக்கு வந்த செய்திகளை அம்சவேணி ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள். இறந்துபோன மனைவி பேசினாள் என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதியில் விட்ட படிப்பை முடித்துப் பட்டம் வாங்கியதைப் பார்த்தேன் என்று ஒருத்தி. புத்தகத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. அந்தக் குவியலுக்குள் வடக்கே நாகபுரியில் இருந்து வந்த செய்தி ஒன்று இருந்தது.

'இதில் வருவது என் அம்மா. உங்களுக்கு அவரை எப்படித் தெரியும்? உயிரோடு இருக்கிறாரா?'

இதுவும் அப்படி ஒன்றுதான் என்று நினைத்துத் தாண்டப் போனவள், கீழே இருந்த பெயரைப் பார்த்து நின்றுவிட்டாள். நவநீதன். அம்மா பெயரையும் ஊரையும் கேட்டு எழுதினாள். தங்கமணி, உடுமலைப்பேட்டை என்று உடனே பதில் வந்தது.

தான் எழுதாத ஒரு கதை, இரண்டு ஊர்களில் இரண்டு பேருக்கு, இரண்டு பக்கமிருந்தும் ஓடியிருக்கிறது. இதில் தன் பங்கு என்ன என்று அவளுக்கு விளங்கவில்லை. மகிழ்வதா பயப்படுவதா என்றும் விளங்கவில்லை.

நவநீதன் நாகபுரியில் ஒரு லாரி முன்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தான். சில வருடங்களுக்கு முன் உடுமலைக்கு ஒருமுறை வந்திருக்கிறான். வீடு இருந்த இடத்தில் சாலை இருந்தது. கேட்ட யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அம்மா இறந்துவிட்டாள் என்று தானாக முடிவுசெய்துகொண்டு திரும்பிவிட்டான்.

அடுத்த வாரமே வந்தான். அம்சவேணிதான் பொள்ளாச்சிக்கு அழைத்துப் போனாள். கதவைத் திறந்த தங்கமணி, முதலில் அம்சவேணியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவனைப் பார்த்தார். கனத்த உடம்பு, ஏறிய நெற்றி, வெயிலில் கறுத்துத் தடித்த முகம்.

"அம்மா," என்றான் அவன்.

தங்கமணி அவனைத் தாண்டி வாசலைப் பார்த்தார். பின்னால் இன்னும் யாரோ வருவது போல.

"யாருங்க இந்தத் தம்பி?"

அவன் சொன்னான். தாத்தா பெயரைச் சொன்னான், படித்த பள்ளிக்கூடத்தைச் சொன்னான், வீட்டுக்குப் பின்னால் இருந்த கொய்யா மரத்தைச் சொன்னான். தங்கமணி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எல்லாம் சரி என்றார். கடைசியில் அம்சவேணியை உள்ளே கூப்பிட்டு, "பாவமாத்தான் இருக்குதுங்க. ஆனா இது அவன் இல்ல. நான்தான் கண்ணாலயே பாத்தனே," என்றார்.

மரபணுச் சோதனை செய்தார்கள். தாயும் மகனும்தான் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடிவு வந்தது. தங்கமணி அதை மறுக்கவில்லை. "டாக்டருங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றார். மகனை வீட்டில் தங்கச் சொன்னார். வேளாவேளைக்குச் சோறு போட்டார். ஆனால், "தம்பி, இன்னுங் கொஞ்சம் வாங்கிக்கங்க" என்றுதான் பரிமாறினார்.

ஒரு மாதம் கழித்து நவநீதன் மருத்துவமனைக்கே வந்து, மருந்தகத்துக்கு வெளியே அம்சவேணிக்காக நின்றான். கொஞ்சம் மெலிந்திருந்தான். காதோரம் புதிதாக நரை தெரிந்தது.

"அக்கா, அம்மா பாத்தாங்களே அந்த முன்னோட்டம், அத மறுபடி எடுக்க முடியுங்களா?"

"முடியாதுப்பா. எதுக்கு?"

"அதுல இருக்கறவன் எப்படி நிப்பான், எப்படிப் பேசுவான்னு பாக்கணும். நரை இருந்துதுன்னாங்க, அதான் டை அடிக்கறத விட்டுட்டேன். டீ கிளாஸப் பிடிக்கற விதத்துலகூட ஏதோ வித்தியாசமாம். கேட்டா அவங்களுக்குச் சொல்லத் தெரியல."

அம்சவேணி அவனைக் கேன்டீனுக்கு அழைத்துப் போனாள். "நீங்க என்ன பாத்தீங்க?" என்று கேட்டாள். இதுவரை அவனிடம் அதைக் கேட்கத் தோன்றவே இல்லை.

"நான் வீட்ட விட்டுப் போனதே அம்மா திட்டித்தாங்க்கா. காலேஜுக்குப் போகாம ஊர் சுத்தினேன். கண்டபடி திட்டுனாங்க, போயிட்டேன். முன்னோட்டத்துல அவங்க நடைமேடையில நின்னு அதே மாதிரி திட்டுனாங்க. 'எருமை, இத்தன நாளா எங்கடா தொலஞ்சே'ன்னு. அத இன்னொருக்காக் கேக்கலாம்னுதான் வந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இவங்க வாங்க போங்கன்னு பேசறாங்க. சில நேரம் எனக்கே சந்தேகமா இருக்குதுங்க்கா, இவங்க எங்கம்மாதானான்னு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்சவேணி பொள்ளாச்சிக்குப் போனாள். நவநீதன் கடைக்குப் போயிருந்தான். தங்கமணி முறத்தில் துவரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சொன்னதை எல்லாம் ஒளிக்காமல் சொன்னாள்.

"அவரை ஒருதடவை திட்டிருங்கம்மா. அது போதும் அவருக்கு."

தங்கமணியின் கை முறத்தின் மேல் நின்றது. வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதெப்படிங்க அம்மிணி? யாரோ பெத்த புள்ளைய நான் எப்படித் திட்டறது?"