அறுபது நொடி

முப்பத்தெட்டாவது நொடியில் அந்த வாலிபனின் கண் ஓவியத்தை விட்டு நழுவியது. கீழே பொருத்தியிருந்த, பார்வை நொடிகளை எண்ணும் நோக்குமானி மறுபடி பூஜ்யத்துக்குப் போனது.

"ஸாரி மேடம், கண்ணோடைல ஏதோ வந்துட்டு," என்றபடி அவன் நகர்ந்துவிட்டான். கண்ணோடை என்பது விழியில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய வில்லை. செய்தி, சண்டை, கல்யாணம், சாவு எல்லாம் பார்வையின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். தூத்துக்குடியில் அதை அணியாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ரோஸ்லினுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்தாம் நாளான இன்று ஐந்து மணிக்குள் யாராவது ஒருவர் கண்ணெடுக்காமல் ஒரு நிமிடம் பார்க்காவிட்டால், அவள் வரைந்த படம் கரைந்துவிடும். நாளுக்குக் கோடிக்கணக்கில் படங்கள் குவிகிற உலகில் பொதுக்கூடங்களுக்கு அதுதான் சட்டம். பத்து நாளில் தேறாத படமும் அதன் நகல்களும் போய்விட வேண்டும். அதற்காகவே எல்லா வண்ணங்களும் கரைமையில் செய்யப்படுகின்றன. ஒரு மின்துடிப்பு கொடுத்தால் துணி மெல்ல வெளுத்துவிடும்.

அரசு இருபது நொடி போதும் என்றுதான் சொன்னது. குப்பைப் படங்கள் ஒழிய ஒரு நிமிடமாவது வேண்டும் என்று சட்டம் வகுத்த குழுவில் சண்டை போட்டு வாங்கியவள் இதே ரோஸ்லின். தன் ஓவியத்துக்கு ஆளில்லாமல் போகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கலைஞர்களுக்கு அந்தக் கர்வம் உண்டு.

ஓவியத்தில் ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். ஸ்டாண்டு கிடைக்காத ஒரு நாளில், யாரோ பெற்ற பிள்ளைக்காக இரண்டு மணி நேரம் அப்படி நின்றவர். சொட்டு விழுவதை விட்டு அவர் கண் அசையவில்லை. பிள்ளை பிழைத்தாள், ரோஸ்லினின் மகள். நன்றி சொல்லத் திரும்பியபோது ஆளைக் காணோம். மறக்கும் முன் வரைந்து வைத்தாள். இப்போது அவளுக்கே அந்த முகம் மங்கிவிட்டது, துணியில்தான் மிச்சமிருக்கிறது. தெரிந்தவர் யாராவது பார்த்து அடையாளம் சொல்வார்கள் என்று நம்பித்தான் கூடத்துக்குக் கொண்டுவந்தாள்.

ஐந்தாக இரண்டு நிமிடம். கூடத்தின் பொறுப்பாளர் இன்னாசி ஓடிவந்தார்.

"யக்கா, நீங்களே பாருங்களேன். வரைஞ்சவங்க பாக்கக் கூடாதுன்னு ரூல் ஒண்ணும் இல்லல்லா?"

"அட ஆமா தம்பி, எனக்குத் தோணவே இல்ல பாரு!"

கண்ணோடையைக் கழற்றிவிட்டு நின்றாள். அந்தக் கை, அதில் புடைத்த நரம்பு, வியர்த்த நெற்றி. அழுகை முட்டியது. சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் எவ்வளவு ஆயிற்று? முடியப்போகிறதா? ஒரே ஒரு தடவை கீழே பார்த்தாள். ஐம்பத்து மூன்று. உடனே பூஜ்யம்.

"ஐயோ! ரெண்டு மணி நேரம் நின்னாரே தம்பி அவரு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மணியாக இன்னும் இருபது நொடிதான் இருந்தது.

படம் கரையத் தொடங்கியது. அதைப் பார்க்க மட்டும் எங்கிருந்தோ ஆட்கள் கூடிவிட்டார்கள். பாட்டில் போயிற்று, விரல்கள் போயின, மெல்ல மெல்ல முகமும் போயிற்று. ஒருவரும் கண்ணெடுக்கவில்லை. கடைசியில் வெள்ளைத் துணி மட்டும் தொங்கியது.

துணி முழுக்க வெளுக்கும்வரை எண்ணிக்கொண்டே இருந்த நோக்குமானி பச்சையாக மின்னியது. "எழுபது நொடி, பதினாறு பேர். இந்தப் படம் நிலைபெற்றது. இனி இதைக் கழற்றவோ, இதன்மேல் வரையவோ அனுமதியில்லை."

கூட்டம் கைதட்டியது.

"இது படமா? இதை எவன் பாத்தான்?" என்று ரோஸ்லின் கத்தினாள்.

இன்னாசி நோக்குமானியின் பட்டியலைத் தயங்கித் தயங்கிப் படித்தார்.

"மொதப் பேரே உங்க பேருதான்க்கா."