பார்ஸ்லிப் பக்கம்

புத்தகத்தைத் திறந்ததும் எலி மூத்திர வாடை அடித்தது. இத்தாலியின் பொலோன்யா நகரத்து நூலகத்தில் பூனைகள் கொழுத்துத் திரிந்தன, எலி வர வழியில்லை. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி நூறு வருடத்துக்கு முன் தைத்த தடிப்புத்தகம் அது. உலர்ந்த பசையும் தோலட்டையும் தூசியும் மணக்க வேண்டிய இடத்தில், அந்த வாடை பச்சையாய், ஈரமாய் மேலே வந்து காப்பாளர் ஒராட்ஸியோவின் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

காரணம் அவருக்குத் தெரியும். பூச்சி அரித்த செடிக்குப் பதில் புதிதாக ஒன்றை ஒட்டிவைப்பது காப்பாளர்களின் வழக்கம்தான். போன வசந்தத்தில் அவரும், யாரோ பெரிய மனிதர் பார்க்க வருகிறார் என்று கொத்தமல்லி போன்ற பார்ஸ்லிக் கீரையின் பக்கத்தில் இருந்த ஓட்டையை மறைத்தார். தோட்டம் வரை நடக்கச் சோம்பல்பட்டு, மதிலோரம் கிள்ளியதை ஒட்டினார். பார்வைக்குப் பார்ஸ்லியேதான், ஆனால் விஷச்செடி. கசக்கினால் எலி வாடை. தின்றால் கால் மரத்து, மரப்பு மேலேறி, மூச்சு நிற்கும். மருந்துக்கடை நிக்கோலோசா அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் இலை வாங்கினாள். அவள் கொடுத்த மருந்தில் ஒரு குழந்தை செத்தது. அவள் சிறையில் இருக்கிறாள்.

இப்போது உண்மையான பார்ஸ்லி அவர் பையில் இருந்தது.

காவல்காரன் பெட்ரோன் வாசலில் தலை நீட்டினான்.

"ஐயா, நீதிபதி ஆளுங்க கீழ நிக்கிறாங்க. புத்தகம் வேணுமாம். இதைப் பாத்துத்தான் வாங்கினேன்னு அந்தப் பொண்ணு தலையில அடிச்சு அழுவுதாம்."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"தூக்குல போட்டுருவாங்க ஐயா. அவ பொய் சொல்ற ஆளில்ல."

"தூசி தட்டித் தரேன். இருக்கச் சொல்லு."

சொன்ன வாய் அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கத்தியை எடுத்தார்.

இடது கையால் தாளை அழுத்திக்கொண்டு சுரண்டினார். பழைய இலை பொடியாக உதிர்ந்திருக்க வேண்டும். உதிரவில்லை. அறுத்த இடத்தில் சாறு கசிந்தது. அதன் மேலேயே பார்ஸ்லியை வைத்து ஒட்டினார். பார்ஸ்லித் தண்டில் ஊதாப் புள்ளிகள் கிளம்பின, மதிலோரச் செடியில் இருந்த அதே புள்ளிகள். வலது கையால் அடுத்த தாளைப் புரட்டினார். ரோஜா இருந்த இடத்தில் அந்த விஷச்செடி. அடுத்ததிலும் அது. எல்லாம் பச்சை.

கால் கூசியது. பிறகு கூசவும் இல்லை. முழங்கால் வரை ஒன்றுமே இல்லை.

'அவளை விட்டுடுங்க, நான்தான்' என்று கத்த வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

படியில் காலடிச் சத்தம்.

இடது கையை இழுத்தார். வரவில்லை. மணிக்கட்டின் குறுக்கே, தண்டுகளைத் தாளோடு பிடித்துவைக்கும் மெல்லிய காகிதப் பட்டை. ஒவ்வொரு விரலின் மேலும் ஒரு பட்டை. விரல்கள் தட்டையாக, பழுப்பாகக் காய்ந்திருந்தன.

பசை மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.