கையை எடுத்தால் போகும் நிறம்

பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரைத் தேடி அகல்யா பக்கத்து அறைக்குப் போய்வந்த ஒரு நிமிடத்தில் டிவியில் நிறம் வந்திருந்தது. வந்திருக்கக் கூடாது.

அவள் பழுதுபார்த்துக்கொண்டிருந்தது நாற்பது வருஷத்துப் பழைய ஹோம் கம்ப்யூட்டர். டில்லி புசா ரோட்டில் இருக்கும் சங்கரநாராயணன், இறந்துபோன தன் அண்ணனுடையது என்று சும்மாவே கொடுத்தார். "திருப்பித் தர வேணாம்மா" என்று இரண்டு தடவை சொன்னார். டிவியோடு இணைத்தால் எட்டு நிறப் பட்டைகள் தெரிய வேண்டும். எல்லாம் சாம்பலாகவே தெரிந்தன. இன்று காலை மூடியைக் கழற்றி, நிறத்தைச் சரிசெய்யும் சின்னஞ்சிறு திருகின் அருகே விரலைக் கொண்டுபோனாள். சட்டென்று மஞ்சள், பச்சை, சிவப்பு. விரலை எடுத்தாள், போய்விட்டன.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மனிதக் கை பக்கத்தில் இருந்தாலே அந்தத் திருகின் அளவு பிசகும். இறந்துபோன அந்த அண்ணன் இரும்பு ஸ்க்ரூடிரைவரை வைத்து, கையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நிறத்தைச் சரிசெய்திருக்கிறார். கற்றுக்குட்டிகள் எல்லோரும் செய்கிற தப்பு, அவளும் செய்ததுதான்.

ஆனால் இப்போது எந்தக் கையும் பக்கத்தில் இல்லை.

லோதி ரோடு குவார்ட்டர்ஸில் ஞாயிறு காலை பதினொரு மணிக்கும் ஜனவரிப் பனி ஜன்னலை விட்டு விலகாமல் நிற்க, ஹீட்டரின் கருகல் வாசனையும் பழைய டிவியின் மெல்லிய கீச்சொலியும் அறையை அடைத்துக்கொண்டிருக்க, ஏசி பெட்டியின் தகரத்தைப் புறாக்கள் பிறாண்டிக்கொண்டிருக்க, அவளுடைய சந்தேகம் நேராக அபினவ் மேல்தான் போனது.

அபினவ் அவள் கணவரின் தம்பி. அப்பா ரிட்டயராகிப் பெற்றோர் கோவில்பட்டிக்குப் போய்விட, பரீட்சைக்குப் படிப்பதற்காக இங்கே தங்கியிருந்தான். கேட்காமல் அவளுடைய சால்டரிங் அயர்னை எடுத்துப் பாழாக்கியவன். இன்னொரு தடவை என் சாமானில் கைவைத்தால் அவன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று, டூரில் இருந்த கணவரிடம் நேற்றுத்தான் போனில் கத்தியிருந்தாள். டில்லியில் அவனுக்கு வேறு போக்கிடம் இல்லையென்று தெரியும். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

"அபினவ்! திருகை நீதானே திருப்பின?"

இயர்போனைக் கழற்றியபடி வாசலில் வந்து நின்றான். "கசம் சே அண்ணி, சத்தியமா நான் இந்த ரூமுக்கே வரல."

"பின்ன யாரு, புறாவா?"

"எது நடந்தாலும் நான்தானா?" அவன் குரல் உடைந்தது. "போதும். நான் கிளம்பறேன்."

"கிளம்பு. முதல்ல ரூமை விட்டுப் போ."

கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பினாள். கம்ப்யூட்டரின் சர்க்யூட் பலகையைக் குனிந்து பார்த்தாள். காலையில் திருகின் தலைமேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தாள். கோடு நகரவே இல்லை.

அப்படியென்றால் யாரும் திருகவில்லை. பாவம் அந்தப் பையன். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. திருகு அப்படியே இருக்கிறது. நிறமும் இருக்கிறது.

விரலை மெல்ல அருகே கொண்டுபோனாள். நிறம் போயிற்று. எடுத்தாள். வந்தது. காலையில் நடந்ததற்கு நேர்மாறாக. மறுபடியும் செய்து பார்த்தாள். அதேதான்.

ஒரு கை இருந்தால் நிறம் வரும். அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை ஏற்கனவே அங்கே இருக்கிறது. இரண்டு கை இருந்தால் அதிகம்.

புறாச் சத்தம் நின்றிருந்தது. விரல் நுனியில் குளிர். ஹீட்டர் எரிந்துகொண்டுதான் இருந்தது. விரலை மறுபடி அருகே கொண்டுபோனாள். பட்டைகள் சாம்பலாயின.

மார்க்கர் கோடு நகர்ந்தது.

ஒரு மயிரிழை. இன்னொரு மயிரிழை. நிதானமாக, பழகிய கையின் பக்குவத்தோடு. மஞ்சள் வந்தது. பச்சை வந்தது. அவள் கையை எடுக்கவே இல்லை. இரண்டு கைக்கும் சேர்த்துச் சரிசெய்கிறது.

கதவு தட்டப்பட்டது. "அண்ணி, பெட்டியை எடுத்துட்டேன். சொல்லிட்டுப் போலாம்னு..."

போகாதே என்று கத்த நினைத்தாள். தப்பு என்னுடையதுதான், உள்ளே வா, கதவை உடை. நாக்கு அசையவில்லை. அவள் விரல்களின் மேல் வேறு விரல்கள் மடிந்தன.

"அச்சா... வரேன் அண்ணி."

செருப்புச் சத்தம். வாசல் கதவு சாத்தும் சத்தம். படிக்கட்டில் பெட்டி இடித்து இடித்து இறங்கியது.

அகல்யா கையை இழுத்தாள். தோள் விட்டுப்போகும்படி இழுத்தாள். கை வரவில்லை.

திரையில் எட்டு நிறங்களும் துளிகூட மாறவில்லை.