மரத்துப்போன மத்தியானம்

பல் மருத்துவன் செய்யக்கூடாத காரியங்கள் நிறைய உண்டு. அவற்றில் தலையாயதை அன்று மத்தியானம் செய்தேன். எக்ஸ்ரே படத்தைத் திருப்பி மாட்டிவிட்டேன். அப்படி மாட்டினால் இடது வலதாகிவிடும். நாற்காலியில் சாய்ந்திருந்த அம்மாளுக்கு வலி இடது தாடையில். நான் ஊசி போட்டது வலது தாடையில்.

அவர் கையைத் தூக்கி ஏதோ சொல்ல வந்தார். "ஒண்ணும் இல்லம்மா... எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று வழக்கமான வசனத்தைச் சொல்லி அடக்கிவிட்டேன்.

உதடு மரத்ததும் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கை இறக்கினேன். சொத்தைப் பல்லைக் காணோம். ஒரு கடைவாய்ப் பல்லில் பழைய வெள்ளி அடைப்பு இருந்தது. அதன் ஓரத்தில் பூனைக்காது போல ஒரு கோணல்.

என் கை அப்படியே நின்றது.

மற்றவர்களுக்கு முதல் பார்வை மழையில் வாய்க்கும்; குடைக்குள் இரண்டு கண்கள் மின்னும். எனக்கு வாய்த்தது கீழ்வரிசை, கடைசிக்கு முந்தின பல். அந்தக் கோணலைச் செய்யக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான். கல்லூரிக் கடைசி வருஷம். பரீட்சைக்கு ஓர் அடைப்பு செய்து காட்ட வேண்டும். நம்பி வாயைத் திறக்க ஒரு நோயாளியும் அகப்படவில்லை. 'வாத்தியாரம்மா' என்று நாங்கள் பட்டம் வைத்திருந்த வகுப்புத் தோழி, "என் பல்லுல பண்ணித் தொலை" என்று வந்து உட்கார்ந்தாள்.

விளக்கு கண்ணைக் கூசாமலிருக்க அவளுக்குப் போட்டுவிட்டிருந்த கறுப்புக் கண்ணாடியை மெல்லக் கழற்றினேன்.

அதே கண்கள்... ஓரத்தில் கொஞ்சம் சுருக்கம். மழை விட்டதும் ஜன்னலில் பளிச்சென்று வெயில் அடிக்குமே, அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தன.

"நீயா?"

"ம்ம்."

"உள்ள வரும்போதே என்னைத் தெரிஞ்சுதா?"

"ம்ம்."

"அப்ப சொல்றதுக்கென்ன?"

மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். பிறகு தன் இடது தாடையைக் காட்டினாள். பாவி, அதைச் சொல்லத்தான் கையைத் தூக்கியிருக்கிறாள்.

இரண்டு பக்கமும் ஒரே நாளில் மரக்கவைக்கக் கூடாது; நாளைக்கு வரச் சொல்வதுதான் முறை. ஆனால் சிரிப்புக்கு நடுவிலும் வலியில் அவள் கண் கலங்கியிருந்தது. அவளும் பல் மருத்துவம் படித்தவள். போடு என்று சைகை காட்டிவிட்டாள். இடது பக்கமும் போட்டேன். வாய் முழுவதும் மரத்தது. பேச்சு போயே போய்விட்டது.

மருந்து ஏறட்டும் என்று வெளியே வந்தேன். வரவேற்பு மேஜையில் என் அக்கா. கிளினிக்கில் பெயர்ப்பலகை என்னுடையது, மற்றதெல்லாம் அவளுடையது. எதிரே ஒரு வழுக்கைத்தலை ஆசாமி, மடியில் பெண்கள் கைப்பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். கட்டின புருஷனைத் தவிர எவனும் ஒரு கைப்பையை இவ்வளவு அடக்கமாகப் பிடிக்கமாட்டான்.

"அக்கா, அந்த ஆளு யாரு?"

"நான் என்னத்தைக் கண்டேன்."

"நைஸா கேட்டுச் சொல்லேன்."

நான் பல்லைக் குடையும்போது அக்கா கதவருகே வந்து என்னைக் கூப்பிட்டுக் காதில் ஓதினாள். "அந்தம்மா டாக்டர் தொழிலை எப்பவோ விட்டாச்சாம். நாப்பது தாண்டுனவங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கறாங்களாம். உங்க கிளாஸ்ல ஒருத்தன் இப்ப கோழிப்பண்ணை வச்சிருக்கானாமே..."

"கோழி கெடக்கட்டும். அந்த ஆளு யாரு?"

"அதை எப்படிடா மூஞ்சிக்கு நேரா கேக்கறது?"

திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தேன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. "நான் கல்யாணம் பண்ணிக்கல. முதல்ல அம்மாவுக்கு உடம்பு முடியல... அப்புறம் அக்கா பசங்க படிப்பு. பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் பல்லையே பாத்துட்டு வந்தேன்னு அக்கா இன்னும் திட்டுவா."

அவள் சிரிப்பில் குலுங்கினாள். மிஷினை நிறுத்த வேண்டியதாயிற்று.

ஒருவழியாக முடித்து வெளியே அழைத்து வந்தேன். வழுக்கைத்தலை எழுந்து நின்றான். "முடிஞ்சுதா அத்தை?"

அத்தை... என் நெஞ்சில் பால் வார்த்தான் மாப்பிள்ளை. மறு நொடியே கணக்குப் போட்டேன். மாப்பிள்ளை என்றால் மகள் உண்டு. மகள் என்றால் அவளுக்கு அப்பா உண்டு. பால் திரிந்தது.

"அந்தப் பழைய அடைப்பை நோண்டலையே சார்?" என்றான் அவன். "எந்த டாக்டர் மாத்தணும்னாலும் அத்தை சண்டைக்குப் போயிடுவாங்க."

அவள் அவனை ஒரு முறை முறைத்தாள். குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதாகச் சொல்லி அவன் நழுவினான். எதையும் விட்டுவைக்காத என் அக்காவுக்குத் திடீரென்று உள்ளே ஏதோ வேலை வந்தது.

இருவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"வீட்டுல... அவர்..." என்று ஆரம்பித்தேன்.

உள்ளங்கையைக் காட்டித் தடுத்தாள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. இந்த வயதில் இதெல்லாம் தேவையா? "சரி, விடு. நான் கேட்டதே தப்பு" என்று எழுந்தேன். கோட்டு நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். கீழுதட்டைக் கிள்ளிப் பார்த்தாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் கிள்ளினாள். நான் சுவரில் தொங்கிய பல் துலக்கும் படத்தை மனப்பாடம் செய்தேன்.

வெயில் தரையில் நீண்டுவிட்டது. வாசலில் வண்டி வந்து நின்றது. இவ்வளவுதான், எழுந்து போகப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அவர் தவறிப்போயி ரொம்ப வருஷமாச்சு," என்றாள். குரல் தெளிவாக இருந்தது.

"இவ்வளவு நேரம் ஏன் சொல்லல?"

"கோணவாயோட சொல்ற விஷயமா இது? இப்பக் கேளு. நீ கேக்க வந்ததை முழுசாக் கேளு."

நாற்காலியை அவள் பக்கம் திருப்பினேன். "உன்னை எனக்கு அன்னிக்கும் பிடிக்கும்... இன்னிக்கும் பிடிக்கும். எடது வலது தெரியாத ஆளுதான். மிச்ச காலம் என்கூட இருப்பியா?"

அவள் யோசிக்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"இருப்பேன். முறையா கல்யாணம் பண்ணிக்கிட்டு இருப்பேன். என் பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன், உங்க அக்காகிட்ட நீ பேசு."